கோப்பை வந்தது, சம்பளம் நின்றது

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் எங்கள் வகுப்பு நடக்கிறது. இரவு ஏழு மணிக்குத் தொடங்கும். பூக் கட்டுகிறவர்கள் வருவார்கள். சுமை தூக்குகிறவர்கள் வருவார்கள். கடையில் வேலை பார்க்கிற பெண்களும் வருவார்கள்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஒரு நாள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டி தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். கால்பந்து ஆட்டக்காரர்களுக்குச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி. பாட்டி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் மக்ளே, பந்து உதைக்கிறதுக்கா சம்பளம்?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது நல்ல கேள்வி. அடுத்த கேள்வி அதைவிட நல்ல கேள்வி. "சம்பளம்னு சொன்னா, அதை ஏன் நிறுத்தினான்?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் பெரியவர்களிடம் கேட்டேன். ஒரு கிளப்பின் கதை கிடைத்தது. அது நம் கேரளத்துக் கிளப். கொச்சியில் இருந்தது. பெயர் எப்.சி. கொச்சின். 1997இல் பிறந்தது. 2002இல் முடிந்தது. நான் அப்போது பிறந்து தவழ்ந்துகொண்டிருந்திருப்பேன். அதனால் இது நான் கேட்டுத் தெரிந்துகொண்ட கதை.

வேலையும் பந்தும்

முதலில் நம் ஊரைப் பார்ப்போம்.

திருவனந்தபுரத்தில் கால்பந்து ஆடாத கடற்கரை உண்டா? பூந்துறை, விழிஞ்ஞம், பூவாறு, பொழியூர் என்று போய்ப் பாருங்கள். மாலையில் வலை உலர்த்துகிற மணலில்தான் பையன்கள் ஆடுவார்கள். பொழியூரைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டம். அங்கே தூத்தூர்ப் பக்கமும் இதே கதைதான். எல்லை மாறும். ஆட்டம் மாறாது.

இந்தப் பையன்களில் நன்றாக ஆடுகிறவன் என்ன ஆவான்? முன்பெல்லாம் ஒரே வழி இருந்தது. அலுவலக அணி.

அது என்ன என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். அந்தக் காலத்தில் பெரிய அலுவலகங்கள் தங்களுக்கென்று கால்பந்து அணி வைத்திருந்தன. நம் ஊரில் திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலைக்கு அணி இருந்தது. எஸ்.பி.டி. என்கிற ஸ்டேட் வங்கிக்கு அணி இருந்தது. மின்சார வாரியத்துக்கு இருந்தது. கேரளக் காவல்துறைக்கும் இருந்தது. நன்றாக ஆடுகிற பையனைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். காலையில் பயிற்சி. அது முடிந்தால் வேலை. போட்டி வந்தால் விடுப்பு.

இதில் பெரிய பணம் கிடைக்காது. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. கால் ஒடிந்தாலும் வேலை போகாது. ஆட்டம் நின்ற பிறகும் மேசை இருக்கும். கடைசியில் ஓய்வூதியமும் வரும். ஆட்டக்காரனின் அம்மாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்படிப்பட்ட அணிகள் மட்டம் என்று நினைக்காதீர்கள். கேரளக் காவல்துறை அணி 1990இலும் 1991இலும் பெடரேஷன் கோப்பையை வென்றது. அது நாட்டின் பெரிய கிளப்புகள் எல்லாம் மோதிய போட்டி. வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், ஷறபலி என்று பெரிய ஆட்டக்காரர்கள் அதில் இருந்தார்கள். அவர்களோடு ஐ.எம். விஜயனும் இருந்தார்.

விஜயனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் திருச்சூர்க்காரர். ஏழை வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்றார். சோடா விற்ற மைதானத்தில் பந்து பழகினார். பிறகு காவல்துறை அணிக்கு வந்தார். பிறகு கொல்கத்தா, பஞ்சாப் என்று போனார். இந்திய அணிக்குத் தலைவராகவும் இருந்தார். சோடாப் பாட்டில் வரிசையைத் தூக்கிக்கொண்டு படியேறிய பையன் அவர். நம் வகுப்பில் சுமை தூக்குகிற அண்ணன்மார்களுக்கு அந்தப் பாரம் தெரியும்.

கொச்சியில் ஒரு கிளப்

1996ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, தேசியக் கால்பந்து லீக் தொடங்கியது. லீக் என்றால் என்ன? கோப்பைப் போட்டியில் தோற்றவர் அன்றே மூட்டை கட்ட வேண்டும். லீக் அப்படி இல்லை. ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடும். ஒரு முறை சொந்த ஊரில், ஒரு முறை அடுத்தவர் ஊரில். வென்றால் புள்ளி. மாதக்கணக்கில் ஆட்டம் நடக்கும். கடைசியில் யாரிடம் அதிகப் புள்ளி இருக்கிறதோ அவர்களே வென்றவர்கள். கடைசி இடத்தில் நிற்பவர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும்.

இரண்டாவது, கொச்சி கலூரில் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் திறக்கப்பட்டது. பிரம்மாண்டமான ஸ்டேடியம். அடுத்த வருடமே அங்கே நேரு கோப்பைப் போட்டி நடந்தது. வெளிநாட்டு அணிகள் வந்தன. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நேரு கோப்பை புதிது அல்ல. 1986இலும் 1991இலும் அது திருவனந்தபுரத்திலேயே நடந்தது. ஆனால் 1997இல் கொச்சியில் கூடிய கூட்டம் வேறு மாதிரி. இந்தியா அரையிறுதி வரை போனது. படிகளில் கூட இடம் இல்லாமல் ஆட்கள் நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் ஒன்று தோன்றும். இத்தனை பேர் பார்க்க வருகிறார்கள். நமக்கென்று ஒரு கிளப் ஏன் இருக்கக் கூடாது?

அப்படித்தான் 1997இல் எப்.சி. கொச்சின் பிறந்தது. பி.வி. பால் என்ற தொழிலதிபர் முன்னின்று தொடங்கினார். இது அலுவலக அணி அல்ல. இங்கே யாருக்கும் வங்கி வேலை இல்லை, காவல் வேலை இல்லை. பந்து ஆடுவதுதான் வேலை. அதற்குத்தான் சம்பளம். இப்படிப்பட்டதைத் தொழில்முறைக் கிளப் என்கிறார்கள். கேரளத்தில் இதுதான் முதல்.

பாட்டி, உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். ஆமாம், பந்து உதைக்கச் சம்பளம் உண்டு.

கிளப் நாடெங்கும் தேடி நல்ல ஆட்களைப் பிடித்தது. பஞ்சாபில் ஜே.சி.டி. அணியில் ஆடிய விஜயன் ஊருக்குத் திரும்பி வந்தார். கர்நாடகத்துக்காரர் கார்ல்டன் சாப்மன் வந்தார். ஜோ பால் அஞ்சேரி வந்தார். அஞ்சேரி முன்பு நம் திருவனந்தபுரத்து எஸ்.பி.டி. அணியில் ஆடியவர். தமிழ்நாட்டுக்காரர் ராமன் விஜயனும் இந்தக் கிளப்புக்கு ஆடினார். ஆக, இரண்டு விஜயன்கள். குழம்ப வேண்டாம். சோடா விற்றவர் ஐ.எம். விஜயன். வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் வந்தார்கள்.

கொச்சிக்காரர்களுக்குத் தலை கால் புரியவில்லை என்கிறார்கள்.

தில்லியில் ஒரு நாள்

டூரண்ட் கோப்பை என்று ஒரு போட்டி உண்டு. ஆசியாவிலேயே மிகப் பழைய கால்பந்துப் போட்டி அது. 1888இல் சிம்லாவில் தொடங்கியது. மார்ட்டிமர் டூரண்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரில் நடக்கிறது. முதலில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர்கள் மட்டும் ஆடினார்கள். பிறகு நம் ஆட்களும் ஆடி வென்றார்கள். ஆனால் 1997 வரை கேரளத்திலிருந்து எந்த அணியும் அதை வென்றதில்லை.

1997இல் எப்.சி. கொச்சின் இறுதி ஆட்டம் வரை போய்விட்டது. ஆட்டம் தில்லியில். எதிரே யார் தெரியுமா? மோகன் பகான்.

மோகன் பகான் கொல்கத்தாக் கிளப். 1889இல் தொடங்கியது. 1911இல் அந்த அணி ஒரு வெள்ளைக்காரப் பட்டாள அணியைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கியது. நம் ஆட்கள் அன்று பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினார்கள். எதிரிகள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். சுதந்திரப் போராட்ட காலம் அது. வங்காளத்தில் இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். அப்படிப்பட்ட கிளப் அது.

ஒரு பக்கம் நூறு வயது தாண்டிய கிளப். மறு பக்கம் ஒரு வயது கூட ஆகாத கிளப். எப்.சி. கொச்சின் மூன்று கோல் அடித்தது. மோகன் பகான் ஒரு கோல்தான் அடித்தது. கோப்பை கொச்சிக்கு வந்தது.

அதே பருவத்தில் தேசிய லீக்கிலும் கிளப் நன்றாக ஆடியது. முதல் வருடமே பட்டியலின் மேல்பாதியில் நின்றது. அந்த லீக்கில் அதிக கோல் அடித்தவர் நம் ராமன் விஜயன்தான்.

இதைவிட நல்ல தொடக்கம் எந்தக் கிளப்புக்கு அமையும்? அதனால்தான் முடிவைக் கேட்கும்போது மனம் ஒப்பவில்லை.

ஒரு கணக்கு போடுவோம்

கிளப் நடத்த எவ்வளவு செலவாகும்? சிலேட்டை எடுங்கள். இது எப்.சி. கொச்சினின் கணக்குப் புத்தகம் அல்ல. நாம் புரிந்துகொள்ள நாமே போடுகிற கணக்கு.

ஒரு கிளப்பில் 25 ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் சம்பளம். பெரிய ஆட்டக்காரர்களுக்கு இதைவிட அதிகம் கொடுக்க வேண்டும். இருக்கட்டும், 20,000 என்றே வைப்போம்.

25 பேருக்கு மாதம் 5 லட்சம். வருடத்துக்கு 60 லட்சம்.

இனி வரவு. லீக்கில் 10 அணிகள் என்று வைப்போம். சொந்த ஊரில் 9 ஆட்டம் வரும். ஒரு ஆட்டத்துக்கு 5,000 பேர் வருகிறார்கள். டிக்கெட் 20 ரூபாய். ஒரு ஆட்டத்துக்கு ஒரு லட்சம். 9 ஆட்டத்துக்கு 9 லட்சம்.

வரவு 9 லட்சம். செலவு 60 லட்சம். துண்டு விழுவது 51 லட்சம்.

இதில் ரயில் டிக்கெட் சேரவில்லை. கொச்சியிலிருந்து கொல்கத்தாவுக்கு இரண்டு நாள் பயணம். பஞ்சாபுக்கு அதைவிடத் தூரம். கோவாவுக்கும் போக வேண்டும். ஆட்டக்காரர், பயிற்சியாளர், மருத்துவர் என்று முப்பது பேர் போக வேண்டும், தங்க வேண்டும், சாப்பிட வேண்டும். பந்து ஆடுகிறவனின் சாப்பாடு நம் சாப்பாடு போல இருக்காது. முட்டை, இறைச்சி, பால் எல்லாம் வேண்டும். பிறகு பூட்ஸ், சட்டை, மைதான வாடகை.

எங்கள் வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். பூக் கட்டுகிற அக்கா ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது கட்டாத வியாபாரம் தம்பி" என்றார். அவர் நாள் வட்டிக்குப் பணம் வாங்கி வியாபாரம் செய்கிறவர். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

அப்படியானால் மற்ற நாடுகளில் எப்படி நடத்துகிறார்கள்? அங்கே டிக்கெட் மட்டும் வரவு இல்லை. ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்ட உரிமைப் பணம் வருகிறது. சட்டையில் தன் பெயரைப் போட ஒரு கம்பெனி பணம் கொடுக்கிறது. சிறு பையன்களை வளர்த்து, பெரிய ஆட்டக்காரன் ஆனதும் வேறு கிளப்புக்கு விட்டுக்கொடுத்துப் பணம் வாங்குகிறார்கள்.

1997இல் நம் நாட்டில் இந்த வழிகள் எல்லாம் ஒற்றையடிப் பாதைகள். தொலைக்காட்சிக்கு கிரிக்கெட் போதும். விளம்பரக் கம்பெனிகளுக்கும் அதுவே போதும். பையன்களை வளர்த்து ஆளாக்க ஏழு எட்டு வருடம் ஆகும். புதுக் கிளப்புக்கு அவ்வளவு நாள் ஏது? ஆகவே தொடங்கியவர்களின் கையிருப்பும், விளம்பரதாரர் தருவதும்தான் மூலதனம். கையிருப்பு தீரும் நாள் ஒன்று உண்டு அல்லவா?

கூட்டத்தையும் நம்ப முடியாது. நேரு கோப்பைக்கு வந்த கூட்டம் இந்தியா ஆடுகிறது என்று வந்த கூட்டம். ஒரு கிளப்பின் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு, அதுவும் போன வாரம் தோற்ற கிளப்புக்கு, அந்தக் கூட்டம் வராது. மோகன் பகானுக்கு வரும். அப்பா பார்த்தார், தாத்தா பார்த்தார் என்று வருவார்கள். கொச்சிக் கிளப்புக்குத் தாத்தா இல்லை.

இறங்கிய கதை

ஏறிய வேகத்தில் இறங்கத் தொடங்கியது.

ஒரு வருடம் ஆனதும் சாப்மன் கொல்கத்தாவுக்குப் போனார். ஐ.எம். விஜயனும் மோகன் பகானுக்குப் போனார். பிறகு திரும்பி வந்தார். மறுபடி போனார். நல்ல ஆட்டக்காரர்களுக்கு வேறு கிளப் கிடைக்கும். மற்றவர்களுக்கு?

கடைசி வருடங்களில் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. நிலுவை ஏறியது. சம்பளம் வராத ஆட்டக்காரன் எப்படி ஆடுவான்? மைதானத்தில் ஓடுவான். மனம் வீட்டில் இருக்கும். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், தங்கை கல்யாணம்.

மலபார் பக்கம் செவன்ஸ் என்று ஒரு ஆட்டம் உண்டு. பக்கத்துக்கு ஏழு பேர். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் படிகள் கட்டி, விளக்குப் போட்டு இரவில் நடத்துவார்கள். ஆட்டம் முடிந்ததும் கையில் காசு. சம்பளம் நின்ற ஆட்டக்காரனுக்கு அதுதான் கஞ்சி. ஆனால் மேடு பள்ளமான தரை. முட்டி போனால் போனதுதான்.

2001-02 லீக்கில் எப்.சி. கொச்சின் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. 2002இல் கிளப்பே இல்லாமல் போயிற்று. டூரண்ட் கோப்பை வாங்கி ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது.

அலுவலக அணி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எஸ்.பி.டி. வங்கியே 2017 ஏப்ரல் 1ஆம் தேதி பாரத ஸ்டேட் வங்கியோடு சேர்ந்துவிட்டது. வங்கியின் பெயர் போனது. ஆனால் அதில் வேலை பார்த்தவர்கள் மறுநாள் பெரிய வங்கியின் ஊழியர்களாக வேலைக்குப் போனார்கள். ஐ.எம். விஜயனும் ஆட்டம் முடிந்த பிறகு காவல்துறை வேலைக்கே திரும்பினார். 2025இல் காவல்துறை அதிகாரியாக ஓய்வு பெற்றார். அதே வருடம் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

என் மாமா வைத்திருக்கும் தாள்

இனி சொல்வது எப்.சி. கொச்சின் கதை அல்ல. என் மாமாவின் கதை. கிளப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். மாமாவுக்கும் அது பிடிக்காது.

மாமா இடது பக்கம் ஆடுகிறவர். இருபத்திரண்டு வயதில் நம் ஊரில் ஒரு அலுவலக அணியில் சேர்ந்தார். தற்காலிக வேலை. இரண்டு வருடம் ஒழுங்காக ஆடினால் நிரந்தரம் ஆகலாம் என்றார்கள். ஒரு வருடம் முடிந்திருந்தது. அப்போது வேறு மாவட்டத்திலிருந்து ஒரு புதுக் கிளப் கூப்பிட்டது. இரண்டு மடங்கு சம்பளம் என்றது. அம்மாச்சி வேண்டாம் என்று அழுதாராம். மாமா போனார்.

நான் மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் எனக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தால் நானும் போவேன்.

ஆறு மாதம் சம்பளம் வந்தது. அந்தப் பணத்தில்தான் வீட்டுக் கூரையில் ஓடு மாற்றினார்கள். ஏழாவது மாதம், "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம்" என்றார்கள். எட்டாவது மாதமும் அதையே சொன்னார்கள். மாமா பதினோராவது மாதம் வரை இருந்தார். அதற்குள் இங்கே அவர் இடத்தில் வேறு பையனை எடுத்துவிட்டார்கள். அந்தப் பையன் இன்று நிரந்தர ஊழியர். மாமா கிழக்கே கோட்டையில் ஆட்டோ ஓட்டுகிறார். இருவரும் நண்பர்கள்தான். பார்த்தால் டீ குடிப்பார்கள்.

இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோது மாமா ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். அதில் ஒப்பந்தத் தாள் இருந்தது. இங்கிலீஷில் இருந்தது. மாமா பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தில் படித்தவர். "கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன்" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்து, அகராதி பார்த்துப் படித்தேன். நாலாவது பத்தியில் ஒரு வரி இருந்தது. விளம்பரதாரரிடமிருந்து பணம் வந்தால்தான் கிளப் சம்பளம் தரும் என்று அந்த வரி சொன்னது.

அதை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். தாளை வாங்கி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதுவா?" என்று கேட்டார். மறுபடி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

பிறகு வந்தவர்கள், போனவர்கள்

எப்.சி. கொச்சின் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம்.

கேரளத்தில் 2004இல் விவா கேரளா என்ற கிளப் வந்தது. பிறகு பெயர் மாறியது. 2012இல் மூடப்பட்டது. மும்பையில் மஹிந்திரா யுனைடெட் பெரிய அணி. அதை 2010இல் கலைத்தார்கள். முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி.யும் 2011இல் கலைந்தது. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி கிளப்பைச் சிலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2018-19இல் ஐ-லீக் என்ற தேசியப் போட்டியை வென்றது. 2021க்குப் பிறகு அந்தப் போட்டியில் அது இல்லை. இங்கிலாந்தில் பரி என்று ஒரு ஊர். அந்த ஊர்க் கிளப் 1885இல் தொடங்கியது. கடன் தாங்காமல் 2019இல் அதை லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் மைதான வாசலில் நின்று அழுதார்கள்.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. சம்பளம் பற்றிச் சில விதிகள் வந்திருக்கின்றன. உலகக் கால்பந்தை நடத்துகிற அமைப்புக்கு பிபா என்று பெயர். அது 2018இல் ஒரு விதி செய்தது. இரண்டு மாதச் சம்பளத்தைக் கிளப் தராவிட்டால், ஆட்டக்காரர் எழுதிக் கேட்கலாம். பதினைந்து நாள் கெடு கொடுக்க வேண்டும். அப்போதும் தராவிட்டால் ஒப்பந்தத்தை விட்டு வெளியே வரலாம். வேறு கிளப்பில் சேரலாம். நம் நாட்டிலும் கால்பந்துக் கூட்டமைப்பிடம் புகார் கொடுக்க வழி உண்டு. ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கமும் 2006இல் உருவானது. பாய்ச்சுங் பூட்டியா அதற்குத் தலைவராக இருந்தார். இன்னொரு விதியும் உண்டு. மேல்மட்ட லீக்கில் ஆட வேண்டுமானால் கிளப் உரிமம் வாங்க வேண்டும். பழைய சம்பள பாக்கி இல்லை என்று அதற்குக் காட்ட வேண்டும்.

இந்த விதிகள் 1997இல் இப்படி இல்லை. மாமா காலத்திலும் இல்லை.

விதி இருந்தும் 2025இல் ஏன் சம்பளம் நின்றது? பாட்டியின் இரண்டாவது கேள்வி இதுதான். ஐ.எஸ்.எல். என்பது இப்போதைய பெரிய லீக். அதை நடத்துகிற கம்பெனிக்கும் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இருந்த ஒப்பந்தம் முடிகிற நேரம் அது. புது ஒப்பந்தம் ஆகவில்லை. லீக் எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்டம் இல்லை என்றால் டிக்கெட் இல்லை, விளம்பரம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. பெங்களூர்க் கிளப் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. சென்னைக் கிளப்பும் வேலைகளை நிறுத்தியது. நாம் அன்று வகுப்பில் படித்தது அந்தச் செய்திதான்.

நம் ஊர் மைதானத்தில்

2019இல் டூரண்ட் கோப்பை மறுபடி கேரளத்துக்கு வந்தது. கோகுலம் கேரளா என்ற கிளப் வென்றது. இடையில் 22 வருடம். இறுதி ஆட்டத்தில் தோற்றது யார் தெரியுமா? அதே மோகன் பகான். இந்த முறை அவர்கள் ஊரிலேயே, கொல்கத்தாவில்.

2024இல் சூப்பர் லீக் கேரளா என்று ஒரு புதுப் போட்டி தொடங்கியது. ஆறு ஊர்களுக்கு ஆறு கிளப். நம் ஊருக்கு ஒன்று கிடைத்தது. திருவனந்தபுரம் கொம்பன்ஸ். கொம்பன் என்றால் தந்தம் உள்ள ஆண் யானை. பாளையத்தில் இருக்கிற சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் ஆடினார்கள். அது காவல்துறையின் ஸ்டேடியம். பிரேசில் நாட்டிலிருந்து கூட ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். முதல் வருடம் அரையிறுதி வரை போனார்கள்.

ஒரு ஆட்டத்துக்கு மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டோவை வெளியே நிறுத்தினோம். விளக்கு வெளிச்சத்தில் புல் பச்சையாகத் தெரிந்தது. இடது பக்கம் ஒரு பையன் ஆடினான். இருபது, இருபத்தொன்று இருக்கும். கடற்கரைப் பையன் என்று ஓட்டத்திலேயே தெரிந்தது. மணலில் ஆடிப் பழகியவர்கள் கொஞ்சம் குனிந்து ஓடுவார்கள் என்று மாமா சொன்னார்.

இடைவேளையில் கடலை வாங்கினோம். மாமா கடலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவனுக்கு மாசம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியாது மாமா" என்றேன்.

"வருதான்னு கேக்கணும்" என்றார்.